‘உறவினர்’ என்ற ஒரு சொல்: கடல் கடந்த தென்காசியாரும் ஏட்டுச் சட்டமும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்குச் செல்லும் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்துவிடும். இரண்டும் மலாய் மண்ணின் பழங்கள். பெயர்களும் அம்மொழி தந்தவையே. ‘ரம்புட்’ என்றால் மலாயில் தலைமுடி. அவற்றை வாங்கி உண்ணும் தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த மண் பாட்டனார் உழைத்த மண்.

சபுராளிகள் விடுப்பெடுத்து ஊர் திரும்ப விரும்பும் பருவமும் சாரல் பருவமே. சிங்கப்பூரிலிருந்தும், மலேசியாவிலிருந்தும், வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் ஒன்றுகூடினால் நலம் விசாரிப்புக்கு அடுத்தபடியாகப் பேச்சு போய் நிற்கும் இடம் பெரும்பாலும் தாள்தான். யாருடைய பெயர் எந்தப் பாஸ்போர்ட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, யாருடைய பிறந்த தேதி எந்த ஏட்டில் எந்த ஆண்டாக இருக்கிறது, யாருக்கு யார் தகப்பன் என்று பதிவாகியிருக்கிறது. இந்தப் பேச்சுக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து தொடங்குவோம். ஒப்பந்தக் கூலிமுறையின் கொடுமைகளுக்குப் பின் வந்த சட்டம் அது. கூலி வேலைக்காகக் கடல் கடப்போரை ஏமாற்றி ஏற்றிச் செல்வதைத் தடுப்பது அதன் நோக்கம்; நல்ல நோக்கம் என்பதில் ஐயமில்லை. ‘குடிபெயர்தல்’ என்றால் என்ன என்பதை அச்சட்டம் தொடக்கத்திலேயே வரையறுத்தது. வேலை ஒப்பந்தம் செய்துகொண்டு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கடல்வழியே புறப்படுவோர் ஒரு வகையினர். பிறர் உதவியால் கூலி வேலைக்கோ வேளாண்மைக்கோ புறப்படுவோர் மற்றொரு வகையினர். இந்த இரண்டாம் வகையில் ஒரு விலக்கு இருந்தது: உதவி செய்பவர் உறவினராக இருந்தால் அது குடிபெயர்தல் ஆகாது.

இந்த வரையறையில் இரண்டு சொற்கள் நம் பகுதிக்கு வேடிக்கையாகப் பொருந்தின. ஒன்று ‘கடல்வழியே’ என்பது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசியிலிருந்து மேற்கே ஐந்து மைல் நடந்தால் வேற்று அரசரின் ஆட்சி. சந்தைக்குப் போய் வருவோர் காலையில் எல்லை கடந்து மாலையில் திரும்பினர். அவர்களைக் குடிபெயர்வோர் என்று சட்டம் கருதவில்லை, ஏனெனில் அவர்கள் காலில் உப்புநீர் படவில்லை. மற்றொரு சொல்லான ‘உறவினர்’ வேடிக்கையோடு முடியவில்லை. நம்மவர் பயண வரலாறே அச்சொல்லின்மேல்தான் எழுந்தது.

சட்டம் எழுதியவரின் மனத்தில் உறவினர் என்றபோது ஒரு சிறு வட்டம் இருந்திருக்க வேண்டும். தென்காசித் தெருவில் வளரும் பையனுக்கு அந்த வட்டம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. எதிர்ப்படும் ஆண்களையெல்லாம் அவன் முறை வைத்தே அழைப்பான்: மாமா, மச்சான், சாச்சா, பெரியத்தா. ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகத்தில் இது வெறும் மரியாதைச் சொல்லும் அன்று. இரண்டு தலைமுறை பின்னோக்கிச் சென்றால் எங்கோ ஓர் இடத்தில் இரத்த உறவோ மண உறவோ கிடைத்துவிடும். ஆகவே மலாயாவிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் திரும்பும்போது தெருப் பையன்கள் இருவரைக் கூட்டிச் சென்றால், ‘நான் இவனுக்கு மாமன்’ என்று அவர் சொன்னது பொய்யாகாது. சட்டத்தின் கதவு திறந்திருந்தது. நம்மவர் அதன் வழியே நுழைந்தனர். இதில் குறை காண நமக்கு ஏதும் இல்லை.

கப்பல் கட்டணத்தை அழைத்துச் செல்பவர் கொடுப்பார். பையன் சம்பாதித்துத் திருப்பித் தருவான். பெரும்பாலும் வாய்ச்சொல்லே பத்திரம். கடனை எழுதி வைக்குமாறு பணிப்பதுதான் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நினைத்தால் இந்த எழுதா வழக்கம் சற்று வியப்பைத் தரும். எழுதுவது உறவின்மீது ஐயம் கொள்வதாகும் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இன்றும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதன் விளைவுகள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் பெயரைக் கேட்டாலே கண்கள் ஒளிரும் முதியோர் நம் ஊர்களில் இருந்தனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியே சிங்கப்பூர் சேரும் கப்பல் அது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. மேல்தளப் பயணி என்றால் அறையும் கட்டிலும் இன்றிப் பாயை விரித்துப் படுப்பவர். தொற்றுநோய்க்காக இப்பயணிகளைப் பினாங்குக்கு அருகில் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு அருகில் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் தடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. அறை எடுத்துச் சென்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. அம்மை நோய் பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்தா ஒட்டும்? சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடைவெளி வைப்பவர் குடிமக்கள் மட்டுமல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே கடல் கடந்தனர். கடையநல்லூராரும் தென்காசியாரும் அவ்வகையில் வேறுபட்டவர்கள். நெசவு நலிந்த காலத்தில் புறப்பட்ட அவர்களில் பலர் மனைவி மக்களோடு சென்று சிங்கப்பூரின் தஞ்சோங் பாகார் வட்டாரத்தில் குடியேறினர். ஆண்கள் துறைமுகத்திலும் பிற கூலி வேலைகளிலும் உழைக்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றும் பலகாரம் செய்து விற்றும் குடும்பத்தைத் தாங்கினர். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946இல் அது உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சிங்கப்பூரின் புகழ்பெற்ற மேக்ஸ்வெல் உணவு அங்காடி இன்று நிற்பது கடையநல்லூர்த் தெருவில். தாளில்லாமல் போனவர்கள் தெருப் பலகையில் ஊரை எழுதி வைத்துவிட்டார்கள்.

அன்று தாள் தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. இந்தியரும் பிரிட்டிஷ் குடிகள் என்பதால் 1933ஆம் ஆண்டின் அயலார் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் பயிற்சியற்ற தொழிலாளரைத் தடுத்தபோதும், சொந்தச் செலவில் சென்றவர்களுக்கு வழி அடைபடவில்லை. ‘நாம் போவோம், வருவோம்’ என்ற எண்ணம் மூன்று தலைமுறைகளாக ஊறிப்போயிருந்தது.

1953 ஆகஸ்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த எண்ணம் முதல்முறையாகச் சுவரில் மோதியது. இனிப் புதிதாக நுழைவோர் தகுதி காட்ட வேண்டும். ஏற்கெனவே அங்கே வாழ்பவர் தம் மனைவியையும் குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். 1922இன் சட்டம் ‘உறவினர்’ என்று பரந்து சொன்னதைப் புதிய சட்டம் ‘மனைவி, பிள்ளை’ என்று சுருக்கிவிட்டது. நம் குடும்பமோ சுருங்கவில்லை. தகப்பனை இழந்த தம்பி மகனும், அக்காள் மகனும், மச்சினனும் குடும்பமே. ஊரில் வருமானமின்றி நிற்கும் அண்ணன், ‘என் மகனையும் உன்னோடு கூட்டிப் போ’ என்று கேட்டால், சட்டம் இடம் தரவில்லை என்று தம்பி எப்படிச் சொல்வான்?

அண்ணன் மகனைத் தன் மகன் என்று எழுதி அழைத்துக்கொண்ட கதை மலாயாவுக்குப் போன ஊர்கள்தோறும் கேட்கக் கிடைக்கும். செட்டிநாட்டிலும் உண்டு, இராமநாதபுரக் கடற்கரையிலும் உண்டு. அமெரிக்காவுக்குச் சென்ற சீனர்களிடையே இதே வழக்கம் இன்னும் பெரிய அளவில் இருந்தது; அப்படிச் சென்றவர்களுக்குக் ‘காகித மகன்கள்’ என்றே அங்கே பெயர். நம் பக்கத்தில் அதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் குற்றமாகிவிடும் என்ற கூச்சம் இருந்திருக்கலாம்.

அதிகாரி கேட்டது ஒரு கையொப்பம். ஊர் கேட்டது ஒரு பையனின் பிழைப்பு. அந்த நேரத்தில் இரண்டாவதே பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கையொப்பம் அலுவலகத்தோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒருவருடைய பெயரோடு தகப்பன் பெயரும் இணைந்தே எழுதப்படுகிறது. அடையாள அட்டையில் ஏறிய தகப்பன் பெயர் பள்ளிச் சான்றிதழுக்குப் போகிறது, திருமணப் பதிவுக்குப் போகிறது, பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்வரை போகிறது. ஊரில் பெற்றவர் ஒருவர். ஏட்டில் தகப்பன் வேறொருவர்.

நம் மார்க்கத்தில் இது சிறு செய்தியன்று. ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. நபி (ஸல்) அவர்கள் அன்போடு வளர்த்ததால் மக்கள் அவரை ஸைத் இப்னு முஹம்மத் என்றே அழைத்தனர். வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்றவர் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை இறங்கியதும் அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். பாசம் குறையவில்லை, பெயர் மட்டும் உரிய இடத்துக்குத் திரும்பியது. பாசத்தையும் நஸபையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய சமூகத்தில், கப்பல் ஏறுவதற்காக அவை மீண்டும் கலந்துபோயின.

இதன் வலி தெரிவது பாகப்பிரிவினையின்போது. சிங்கப்பூரில் 1966இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி ஒருவர் இறந்தால் வாரிசுகளையும் பங்குகளையும் ஷரீஅத் நீதிமன்றம் சான்றளிக்கிறது. ஏட்டின்படி மகன் என்று இருப்பவர் மகனுக்குரிய பங்கைக் கேட்கலாம். உண்மையிலோ, சொந்த மகன் இருக்கையில் அண்ணன் மகனுக்கு வாரிசுப் பங்கு இல்லை. இன்னொரு பக்கம், தென்காசியில் அவரைப் பெற்ற தகப்பன் இறந்து வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், இவர் மகன் என்பதற்கு ஏட்டில் சான்றில்லை. தமக்கு உரிமையில்லாத இடத்தில் வாரிசாகவும், உரிமையுள்ள இடத்தில் அந்நியராகவும் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் பொய் எழுதியவர் அல்லர். எழுதப்பட்டபோது அவர் சிறுவன்.

தாளைப் புறக்கணித்ததன் விலை வேறு வகையிலும் வந்தது. 1957இன் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம், எட்டாண்டுகள் அங்கே வாழ்ந்தவர்கள் விசுவாச உறுதி கூறிக் குடியுரிமை பெற வழி திறந்தது. பெற்றவரும் உண்டு, ‘இருபது ஆண்டாக இங்கே இருக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள்’ என்று இருந்தவரும் உண்டு. 1965இல் குடியுரிமை இல்லாதவர்களில் மாதம் 750 வெள்ளிக்கு மேற்படாத ஊதியம் பெறுவோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1968இல் பிரிட்டன் தன் படைத்தளங்களைக் காலி செய்யப் போவதாக அறிவித்து 1971இல் வெளியேறியது. மலேசியாவில் 1969க்குப் பின் வேலை அனுமதி கடுமையாக்கப்பட்டது. யாரும் கேட்க மாட்டார்கள் என்றிருந்த கேள்வியை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டனர். ஒரே குடும்பத்தில் குடியுரிமை பெற்ற தம்பி அங்கே தங்க, பெறாத அண்ணன் பெட்டியோடு ஊர் திரும்பினார்.

எழுத்தை எந்த அளவு மதிப்பது என்ற கேள்விக்கு ஹுதைபியா உடன்படிக்கையைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு நமக்கு இல்லை. ஹிஜ்ரி 6இல் (628) செய்த அந்த ஒப்பந்தத்தின்படி மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். குறைஷியர் சார்பில் பேசிய ஸுஹைலின் மகன் அபூ ஜந்தல், ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கும்போதே காலில் விலங்கோடு வந்து நின்றார். கண்டோர் உள்ளம் துடித்தது. ஆயினும் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) மக்காவிலிருந்து வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அல்மும்தஹனா அத்தியாயம் அதற்கு வழிகாட்டியது. ஒப்பந்த வாசகம் ‘ஆண்’ என்றே சொன்னது என்பதை அறிஞர் பலர் இங்கே எடுத்துக்காட்டுவர். எழுத்து தந்த இடம் பயன்படுத்தப்பட்டது. எழுத்து தராத இடத்தில் கண்ணீரோடு வாக்குக் காக்கப்பட்டது. நம் பாட்டன்மார் 1922இல் ‘உறவினர்’ என்ற சொல்லின் வழியே நுழைந்ததை முதல் வகையில் சேர்க்கலாம். 1953க்குப் பின் ‘மகன்’ என்று எழுதியதை அவ்வாறு சேர்க்க முடியாது. எளியவர்களின் நெருக்கடியைப் புரிந்துகொள்வது வேறு, எழுதியதைச் சரியென்பது வேறு.

அரசுகள் மட்டும் எழுத்தின்படி நடந்தன என்று கருத வேண்டா. பாஸ்போர்ட் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு மறுக்கலாம் என்று சொல்லும் சட்டமே 1967வரை இந்தியாவில் இல்லை. அலுவலக நடைமுறைதான் சட்டம்போல் நடந்தது. 1967 ஏப்ரல் 10 அன்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித விடுதலையில் அடங்கும், சட்டமின்றி அதை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அவ்வாறு கருதினர். அதன் பிறகே அவ்வாண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. இன்று பாஸ்போர்ட் சேவை மையத்தின் வரிசையில் நாம் கேட்டு நிற்பது உரிமை என்றால், அது அந்த வழக்கு தந்தது.

1922இன் சட்டம் அறுபதாண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது நம் இளைஞர்கள் திரும்பிய திசையும் மாறியிருந்தது. வளைகுடாவில் மாமனும் மச்சானும் முன்போல் அழைத்துச் செல்ல முடியாது. அங்கே ‘கஃபீல்’ வேண்டும். இன்றைய விதிப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். அதைத் தவிர்க்கவே சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேர்வது வழக்கமாயிற்று. விசாவில் ஒரு முதலாளி, வேலை வேறொருவரிடம் என்ற ‘ஃப்ரீ விசா’வும் அப்படி வந்ததே. பெயர்தான் ஃப்ரீ, விலை இலட்சக்கணக்கில். ஊரில் எல்லாரும் அப்படித்தான் போனார்கள் என்பதால் அது முறையான வழி என்றே பலர் நம்பினர். 2013இல் சவூதி அரசு நவம்பர் 3வரை கெடு விதித்துத் தாள்களைச் சரிசெய்யச் சொன்னபோதுதான், விசா எழுதியவரிடம் வேலை செய்யாதவர் அனைவரும் சட்டத்தின் பார்வையில் மீறியவர்கள் என்பது தெரிந்தது. விசா விற்றவரை யாரும் தேடவில்லை.

ஒருவர் பாதுகாப்பு உறுதி பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் அந்த நாட்டாரோடு செய்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் ‘அமான்’ என்ற தலைப்பில் பேசும் செய்தி. இன்றைய விசாவை ஆலிம்கள் அதோடு ஒப்பிட்டுப் பேசுகின்றனர். இதில் நம் நலமும் அடங்கியிருக்கிறது. வேலைநீக்கத்தின்போது கிடைக்கும் பணிக்கொடையைக் கணக்கிட அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம் முதலில் கேட்பது எழுதிய ஒப்பந்தத்தை. வாயால் சொன்ன சம்பளத்தை நிறுவ, சாட்சி சொல்ல வேண்டிய நண்பரும் அதே ஃப்ரீ விசாவில்தான் இருப்பார்.

பழைய ஏடுகளில் தகப்பன் பெயர் மாறிக் கிடக்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. அடையாள அட்டையைத் திருத்துவது பல இடங்களில் எளிதன்று. இறந்துபோன பெரியவரின் கையொப்பத்தைப் பொய் என்று நிறுவ எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. ஆனால் இருப்பவர்கள் செய்யக்கூடியது உண்டு. ஏட்டில் மகனாக இருக்கும் அண்ணன் மகனுக்கு ஏதேனும் கொடுக்க விரும்பும் பெரியவர் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். அல்லது, அவர் வாரிசு அல்லர் என்பதால், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் எழுதி இரு சாட்சிகள் முன் ஒப்பமிடலாம். பெற்ற தகப்பன் யார் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் கையொப்பமிட்ட ஒரு தாளில் எழுதி, ஒரு படியை மஹல்லா ஜமாஅத்திலும் வைக்கலாம். ஏட்டின் பலத்தால் கிடைத்த பங்கை வாங்கிவிட்டவரிடம் அது மற்ற வாரிசுகளின் அமானிதமாகவே இருக்கிறது. அடுத்த சாரலுக்கு எல்லாரும் ஊர் வரும்போது இதைப் பேசிவிடுவது நல்லது. விவரம் தெரிந்த மூத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.